இருபத்தாறு டின் லில்லியும் ஒரு தந்திக் கம்பியும்

கிள்ளானுக்குப் போகும் காலை வண்டி பிளாட்பாரத்தில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கார்டு பச்சைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வண்டிக்கு விடை கொடுக்க வேண்டிய ஸ்டேஷன் மாஸ்டரைக் காணவில்லை.

நான் தந்தி அறையிலிருந்து வெளியே ஓடி வந்தேன். மாஸ்டர் இருந்தார். பிளாட்பாரத்தின் கோடியில், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டு, லில்லிச் செடிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தொப்பி பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

“மாஸ்டர், வண்டி!”

“வண்டி எங்கயும் ஓடிடாது மாணிக்கம். நீ இங்க வா. இது என்னான்னு பாரு.”

ஓடாமல் நிற்பதுதான் பிரச்சினை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. குனிந்து பார்த்தேன். இலையின் காம்பு கிழங்கோடு சேரும் மடிப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. காது துடைக்கும் பஞ்சை நுனிவிரலால் கிள்ளிக் கிள்ளி வைத்தது போலிருந்தது. இலையின் அடிப்புறத்தில், நடு நரம்பை ஒட்டியும் நாலைந்து.

“பூஞ்சணம் மாதிரி இருக்கு மாஸ்டர்.”

“நேத்து ரெண்டு செடியில இருந்துச்சு. இன்னிக்கு ஒன்பது.” அவர் குரல் வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியாததைச் சொல்வது போலிருந்தது. பிறகு எழுந்தார், தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார், கையை உயர்த்தினார். நான்கு நிமிடத் தாமதத்தோடு வண்டி கிளம்பிப் போனது. அவருடைய முழங்கால்கள் இரண்டிலும் வட்டமாகச் செம்மண்.

பெயர் சொல்லாத ஸ்டேஷன்

அந்த ஸ்டேஷனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மாஸ்டரின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கதை முடியும்போது அவர்கள் கோபப்பட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் சபாபதி மாஸ்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் அவருடைய உண்மைப் பெயர் இல்லை.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கித்தா என்கிற ரப்பர் மரம் நிற்க, ஒரே ஒரு பிளாட்பாரம். சாமான் வண்டிகள் ஒதுங்க ஒரு கிளைப் பாதை. தோட்டத்திலிருந்து கித்தா ஷீட் வந்து இறங்கும் நாட்களில் ஸ்டேஷன் முழுவதும் புளித்த புகைவாசம் அடிக்கும். நான் அங்கே தந்தி கிளார்க். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியவில்லை. இன்னும் நிரந்தரம் ஆகாத ஆள்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிளார்க்குகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். அந்த வருடத் தொடக்கத்தில் ஐந்து பாய் விரித்துப் படுத்த அறையில், நான் சொல்லும் மாதத்தில் இரண்டு பாய்தான். மற்ற மூன்று பேரும் ஆள்குறைப்பில் போய்விட்டார்கள். ஒருவன் கப்பலேறி ஊருக்கே திரும்பிவிட்டான். என் அப்பா கிள்ளானில் ரோட்டு வேலை செய்தவர். மகன் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுப் போட்டதை அவர் தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னதுண்டு. அந்தக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நிற்க என்னால் முடியாது.

சின்ன ஸ்டேஷன்களை ஆளில்லாத நிறுத்தங்களாக மாற்றிவிடப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. எங்கள் பெயர் பட்டியலில் இருப்பதாகக் கார்டுகள் சொன்னார்கள். இன்னும் மூன்று வாரத்தில் பெரிய துரை பார்வையிட வருகிறார் என்பது மட்டும் உறுதி.

சபாபதி மாஸ்டர் நம்பியிருந்தது இருபத்தாறு டின் லில்லியை. மண்ணெண்ணெய் டின்களைப் பாதியாக வெட்டி, வெள்ளைச் சாயம் பூசி, பிளாட்பாரத்தின் ஓரம் முழுக்க வரிசை வைத்திருந்தார். அகலமான கரும்பச்சை இலை. நீண்ட தண்டின் உச்சியில் தலைகுனிந்து நிற்கும் வெள்ளைப் பூ. பூவின் நடுவில் இளம்பச்சையாக ஒரு சின்னக் கிண்ணம். பக்கத்தில் போனால்தான் மணம் தெரியும். அந்தப் பூவைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாத பயணி கிடையாது.

“இவ்வளவு பூத்து நிக்கிற ஸ்டேஷன மூடுறதுக்கு எந்தத் துரைக்குலா மனசு வரும்?” என்பார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கந்தகமும் மண்ணெண்ணெயும்

பூஞ்சணம் என்று முதலில் சொன்னவன் நானாகையால் மருந்து வாங்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் மருந்துக் கடையில் கந்தகப் பொடி வாங்கி வந்தேன். மெல்லிய துணியில் முடிந்து செடிக்குச் செடி தட்டினோம். வெள்ளைப் புள்ளியின் மேல் மஞ்சள் பொடி உட்கார்ந்தது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால், மஞ்சளுக்கு மேல் புதிதாக வெள்ளை.

நான்காம் நாள் மாஸ்டரின் பொறுமை போய்விட்டது. சிக்னல் விளக்கு அறையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து, எதுவும் கலக்காமல் அப்படியே ஒரு செடியின் மேல் துணியால் தடவினார். சாயங்காலத்துக்குள் இலைகள் வெந்த கீரை போலத் துவண்டு விழுந்தன. வெள்ளைப் புள்ளிகளும் செத்தன என்பது உண்மைதான். செடியும் செத்தது.

அவர் அந்த டின்னைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். அன்று டிபன் கேரியரைத் திறக்கவேயில்லை.

பூஞ்சைக்குக் கால் உண்டா?

பிளாட்பாரத்தைக் கூட்டிப் பெருக்குவது அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். நான் ‘அக்கா’ என்பேன். அவர் என்னை ‘கிராணி தம்பி’ என்பார்; கிராணி என்றால் கிளார்க். மாஸ்டருக்குச் செடிகளின் மேல் பாசம். தினமும் தண்ணீர் ஊற்றியது என்னவோ அஞ்சலைதான்.

நாங்கள் இருவரும் அடுத்து எதைப் பூசலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்கவா? பூஞ்சைக்குக் காலு உண்டா?”

“என்னா சொல்ற?”

“இது நடக்குது ஐயா. காலையில இந்த எலையில இருந்தது இப்ப அந்த எலையில இருக்கு. எறும்பு வேற இதுங்களச் சுத்திச் சுத்தி வருது. மாட்டுக்காரன் மாடு மேய்க்கிற மாதிரி.”

மாஸ்டர் தன் மேசையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். டிக்கட் எண்களைப் படிக்க அவர் வைத்திருந்தது அது. ஒரு புள்ளியின் மேல் பிடித்து, வெகுநேரம் மூச்சுவிடாமல் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

அரிசிமாவில் புரண்டு எழுந்த குட்டி மரவட்டை போல் ஒன்று. ஓரமெல்லாம் வெள்ளை நூலாகத் துருத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவசரமில்லாமல் ஓர் அடி எடுத்து வைத்தது.

“பூச்சிலா!” என்று கத்திவிட்டேன்.

“அதத்தான நான் நாலு நாளா சொல்றேன்” என்றார் அஞ்சலை. உண்மையில் அன்றுதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை.

பூச்சி என்று தெரிந்துவிட்டது. எதைக் கொடுத்தால் பூச்சி சாகும், செடி பிழைக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

கம்பி பேசியது

இங்கே தந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிள்ளான் பாதை முழுவதற்கும் ஒரே கம்பி. ஓர் ஊரில் விசையைத் தட்டினால் எல்லா ஸ்டேஷன் மிஷினும் பேசும். முகமே பார்த்திராத கிளார்க்குகள் ஒருவரையொருவர் கைப்பழக்கத்தால் அறிந்து வைத்திருப்போம். இவர் இழுத்து இழுத்துத் தட்டுவார், அவர் எச்சில் விழுங்குவது போல் நடுவில் நிறுத்துவார் என்று. செய்திகள் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனால் பகல் இரண்டு மணிக்கு மேல், வண்டி இல்லாத வேளையில், ஆங்கில எழுத்துகளில் தமிழ் ஓடும். இது விதிக்கு விரோதம். எல்லாரும் செய்தோம்.

அன்று பகல் நான் மிஷினில் உட்கார்ந்து தட்டினேன்: ‘லில்லிச் செடியில் பஞ்சு போல் வெள்ளைப் பூச்சி. யாருக்காவது மருந்து தெரியுமா?’

ஒரு நிமிடம் கம்பி சும்மா இருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஒருவர் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னார். ஒருவர் சுருட்டை ஊறவைத்த தண்ணீர் என்றார். ஒருவர் தேங்காய் எண்ணெய். கோலாலம்பூர் கூட்ஸ் ஆபீஸிலிருந்த ஒரு குறும்பன், ‘செடிக்கு மொட்டை போட்டு முருகனுக்கு நேர்ந்துகொள்’ என்றான். இன்னொருவர் இது எதற்கும் பதில் சொல்லாமல், பூ யார் கல்யாணத்துக்கு என்று விசாரித்தார். மாஸ்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் எழுதியதையெல்லாம் எழுத எழுதப் படித்தார்.

அப்போது ஒரு கனமான கை விசையைப் பிடித்தது. நிதானமான, அழுத்தமான தட்டு. கேட்டதும் தெரிந்துவிட்டது. கிள்ளான் பக்கம் எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருந்த பொன்னுசாமி மாஸ்டர்.

அவரும் சபாபதி மாஸ்டரும் ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். வண்டி வந்தது, வண்டி போனது என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. காரணம் யாருக்கும் தெரியாது. பதவி உயர்வுத் தகராறு என்று பலரும் நினைத்திருந்தோம். அழகான பிளாட்பாரத்துக்கு ரயில்வே கொடுக்கும் நற்சான்று அவருக்கு ஒரு வருடமும் இவருக்கு ஒரு வருடமுமாகப் போய்க்கொண்டிருந்தது வேறு.

பொன்னுசாமி மாஸ்டர் மருந்து சொல்லவில்லை. கேள்வி கேட்டார். ‘பூச்சி இலை நுனியிலா, மடிப்பிலா?’

மடிப்பில் என்றேன்.

‘இலை பிசுபிசுப்பா?’

அஞ்சலை ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, “வெல்லப்பாகு மாதிரி ஒட்டுது” என்றார். ஆமாம் என்று தட்டினேன்.

‘நசுக்கினால்?’

மாஸ்டர் நசுக்கினார். மஞ்சளும் சிவப்பும் கலந்த ஈரம் விரலில் பட்டது. சொன்னேன்.

‘டின்னைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். காத்திருக்கிறேன்.’

மூவருமாக ஒரு டின்னைக் கவிழ்த்துத் தட்டினோம். மண் கட்டியாக வந்து விழுந்தது. வேர்களுக்கு நடுவிலும் கிழங்கின் செதில்களுக்கு இடையிலும் வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்பு சிந்தினாற்போல. நான் திரும்பி வந்து, ‘வேரிலும் இருக்கிறது’ என்று தட்டினேன்.

பதில் உடனே வந்தது.

‘அப்படியானால் அவை என் கிழங்குகள்.’

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை அத்தனை மிஷின்களிலும் அந்த வரி கேட்டிருக்கும். கூட்ஸ் ஆபீஸ் குறும்பன்கூட வாயைத் திறக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் என் பின்னால் இல்லை.

மூன்று கிழங்குகள்

சாமான் எடைபோடும் மிஷின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவராகவே பேசினார்.

ஐந்து வருடத்துக்கு முன் அவருக்கென்று சொந்த ஸ்டேஷன் கிடையாது. லீவில் போகும் மாஸ்டர்களுக்குப் பதிலாக ஊர் ஊராகப் போய் நிற்கும் வேலை. பொன்னுசாமி மாஸ்டர் மகள் கல்யாணத்துக்காக ஈப்போ போனபோது, பத்து நாள் அந்த ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டது இவர்தான். சாவி வாங்கும் அன்று அங்கிருந்த லில்லியைப் பார்த்து மயங்கி, மூன்று கிழங்கு கேட்டிருக்கிறார்.

“இப்ப முடியாதுன்னுட்டார். ஒரே வார்த்த. ஏன்னுகூடச் சொல்லல. எனக்கு ரோஷம் வந்துருச்சு மாணிக்கம். சொந்தமா ஒரு பிளாட்பாரம் இல்லாதவன்தானன்னு நெனைக்கிறார்னு தோணுச்சு. பத்தாவது நாள் மூணு கிழங்கத் தோண்டி, துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

“அவருக்குத் தெரியுமா மாஸ்டர்?”

“குழிய மூடி மட்டம் பண்ணிட்டுத்தான் வந்தேன். ஆனா தன் செடிய எண்ணிப் பாக்காத ஆளு யாரு?”

தவறு செய்தவர்களை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்கிறேன். செய்த தவறு இரண்டு மணி வெயிலில், பத்து ஸ்டேஷனுக்குக் கேட்கும்படி வெளியே வந்த பிறகு, எந்தச் சமாதானமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே மிஷின் மறுபடி பேசத் தொடங்கியது. ஓடினேன். அதே கனமான கை. ‘எழுதிக்கொள்’ என்று தொடங்கி, ஒரு பக்கம் நிறைய வைத்தியம் சொன்னார். அந்தக் காகிதம் பல வருடம் என்னிடம் இருந்தது.

எல்லாச் செடியையும் டின்னிலிருந்து எடு. பழைய மண்ணைத் தூரக் கொட்டிவிடு, மறுபடி பயன்படுத்தாதே. வேரைக் கழுவு. அழுகிய கிழங்கை வெட்டி எறி. மிச்சத்தை வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலர்த்து. புது மண்ணோடு ஆற்று மணல் கலந்து நடு. இலை மடிப்பில் மிஞ்சிய பூச்சியை, குச்சியில் பஞ்சு சுற்றி, அடுப்பு மூட்டும் ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடு. பிறகு சவுக்காரத்தைச் சீவிக் கொதிக்கவைத்து, மண்ணெண்ணெய் விட்டுத் தயிர் போல் ஆகும்வரை அடித்து, நிறையத் தண்ணீர் கலந்து தெளி. முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார். வெயில் நேரத்தில் தெளிக்காதே. முட்டை பொரிந்து புதுப் பூச்சி வரும். ஆகவே வாரம் ஒரு முறை, மூன்று வாரம். எறும்பைத் தடு. எறும்பு இருக்கும்வரை பூச்சி போகாது. இந்த வருடம் மழை குறைவு, அதனால்தான் பதுங்கியிருந்தது வெளியே வந்திருக்கிறது.

கடைசியில் ஒரு வரி: ‘ஆளுக்காகச் சொல்லவில்லை. செடிக்காகச் சொல்கிறேன்.’

மாஸ்டர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “அஞ்சல, வெந்நீர் போடு” என்றார்.

செடிகளுக்குக் குளியல்

அடுத்த இரண்டு நாள் எங்கள் பிளாட்பாரம் சலவைத்துறை மாதிரி இருந்தது. வண்டி வரும்போது கோட்டு, போனதும் வேட்டி. அஞ்சலை கிழங்குகளைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் காதோரமெல்லாம் தேய்த்துக் கழுவினார். நான் குச்சியும் பஞ்சுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பாக ஸ்பிரிட் வைத்தேன். ஊதா நிற ஸ்பிரிட் பட்டதும் வெள்ளைப் பஞ்சு கரைந்து, உள்ளே இருந்த பூச்சி பழுப்பாகிச் சுருண்டுவிடும். கையெல்லாம் குளிர்ந்து, மூக்கில் அந்த நெடி ஏறி, மத்தியானம் சாப்பிட்ட ரசம்கூட ஸ்பிரிட் மணத்தது.

எறும்புக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிரிக்பீல்ட்ஸில் செங்கலுக்குப் பஞ்சமா? சூளைக்காரரிடம் உடைந்த செங்கல் வாங்கி, சாமான் வண்டியில் கொண்டுவந்தேன். கடைகளில் கெஞ்சி பிஸ்கட் டின் மூடிகளைச் சேர்த்தேன். மூடியில் தண்ணீர், தண்ணீருக்கு நடுவில் செங்கல், செங்கல் மேல் செடி. எறும்புகள் கரையில் கூடி நின்று யோசித்தன.

இருபத்தாறில் ஒன்று முன்பே போயிருந்தது. அழுகிக் கிடந்தவை இன்னும் ஐந்து. மிச்சம் இருபது. பாதி இலை வெட்டப்பட்டு, அம்மை இறங்கிய பிள்ளைகள் போல் நின்றன. துரை வரும் நாளில் ஒரு மொட்டுகூட இருக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ரயில்வே தந்திக் கம்பியை லில்லிச் செடி சம்பந்தமாகப் பயன்படுத்தியது ஏன் என்று கிளார்க் விளக்கம் எழுத வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அறையில் இருந்த இரண்டு பாயில் ஒன்று சுருட்டப்படுவது கண்ணுக்குத் தெரிந்தது.

மாஸ்டர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். தன் பேனாவை எடுத்துத் தானே எழுதினார்: கேள்வியைக் கேட்கச் சொன்னது ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார், பொறுப்பு முழுவதும் என்னுடையது.

“மாஸ்டர், நீங்க சொல்லலையே. நானாத்தான் தட்டினேன்.”

“பின்னாடி நின்னு படிச்சேன்ல? வேணாம்னு சொன்னேனா?” உறையை ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “ஒரு தப்ப அஞ்சு வருஷம் மூடி வச்சிருந்தவன்பா நான். அது எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும். இன்னொண்ணத் தூக்க முடியாது.”

ஞாமுக்!

துரை ஒரு காலை வேளையில் தனி டிராலியில் வந்து இறங்கினார். சிவந்த முகம், காக்கி அரைக்கால்சட்டை, கையில் பிரம்பு. பதிவேடுகளைப் பார்த்தார். எடைபோடும் மிஷினில் தானே ஏறி நின்று சரிபார்த்தார். பிளாட்பாரத்தில் நடந்தவர், பூவே இல்லாத எங்கள் இருபது டின்களையும் பார்க்காமல் கடந்தார். திடீரென்று நின்றார். பிரம்பால் பிஸ்கட் டின் மூடியைக் காட்டினார்.

“ஞாமுக்!” என்று இரைந்தார். மலாயில் கொசு என்று பொருள்.

எனக்கு உயிரே போய்விட்டது. கிள்ளான் வட்டாரத்தில் கொசுவாலும் குளிர்காய்ச்சலாலும் ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக மாண்டிருக்கிறார்கள். தேங்கிய தண்ணீரை வைத்திருப்பது அபராதத்துக்குரிய குற்றம். நானோ இருபது மூடிகளில், அரசாங்கப் பிளாட்பாரத்தில், அழகாக வரிசை வைத்துத் தேக்கியிருந்தேன். மாஸ்டரின் முகம் சாம்பலாகிவிட்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. “மிஞாக் அடா, துவான்!” எண்ணெய் இருக்கிறது துரை, என்று.

துரை திரும்பினார். அஞ்சலை தயங்காமல் முன்னால் வந்து, ஒரு மூடியின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் தண்ணீரைத் தொட்டுக் காட்டினார். மேலே மண்ணெண்ணெய் மெல்லிய ஏடாகப் படர்ந்து, ஊதாவும் பச்சையுமாக மினுங்கியது. துரை குனிந்தார். முழங்காலை ஊன்றியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மூடி, இரண்டு மூடி என்று இருபதையும் பார்த்தார். ஒரு புழுகூட இல்லை.

“யார் செய்தது?” என்று மாஸ்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“இந்த அம்மாள், சார்.”

எங்களுக்கே அது அப்போதுதான் தெரியும். தோட்டத்தில் இருந்தபோது அஞ்சலை மூன்று வருடம் கொசுப்புழு சாகச் சாக்கடைக்கு எண்ணெய் அடிக்கும் கூட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார். அவருடைய தங்கை குளிர்காய்ச்சலில் போனவர். தேங்கிய தண்ணீரைக் கண்டால் அவர் கை தானாக எண்ணெய்ப் புட்டியைத் தேடுமாம். எங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

துரை நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, “கம்பியில் லில்லியைப் பற்றிப் பேசிய ஸ்டேஷன் இதுதானே?” என்றார்.

“ஆமாம் சார். என் பொறுப்பு. வைத்தியம் சொன்னது பொன்னுசாமி மாஸ்டர். செடிகளும் அவருடைய கிழங்கிலிருந்து வந்தவை. நான் கேட்காமல் எடுத்தது.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. துரைக்கு அது தேவையுமில்லை. அவர் புருவத்தை உயர்த்தி ஒரு நிமிடம் பார்த்தார். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது போலிருந்தது. டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

பத்து நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் மாஸ்டருக்கு எச்சரிக்கை: தந்திக் கம்பி தோட்ட வேலைக்கானது அல்ல. இன்னொன்றில், கொசு ஒழிப்பில் எங்கள் பிளாட்பாரம் காட்டிய அக்கறைக்குப் பாராட்டு. ஸ்டேஷனை மூடவில்லை. அந்தப் பாராட்டால் தப்பியதா, பக்கத்துத் தோட்டத்துக் கித்தா ஷீட்டால் தப்பியதா, எனக்குத் தெரியாது. அஞ்சலைக்குச் சந்தேகமே இல்லை. வருடக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமானது.

டீ ஆறிப் போவதற்குள்

மழை வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, முதல் தண்டு எழும்பியது. ஒரே வாரத்தில் பதினாலு டின்னில் பூ.

மாஸ்டர் லீவு போட்டார். அவர் லீவு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பூத்து நின்ற ஆறு டின்களை எடுத்துக்கொண்டார். எனக்கும் அன்று ஓய்வுநாள் என்பதால் தூக்க ஆள் வேண்டுமென்று கூட்டிப் போனார். இரண்டே ஸ்டேஷன். வழி முழுக்க என்ன பேசுவது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பொன்னுசாமி மாஸ்டர் குள்ளமான மனிதர், நரைத்த மீசை. எங்களைப் பார்த்தார். வாருங்கள் என்று சொல்லவில்லை. முதல் டின்னைச் சரித்து, விரலால் மண்ணைக் கிளறி, வேரைப் பார்த்தார். அடுத்த டின். ஆறையும் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“சுத்தமா இருக்கு. உள்ள வாங்க, டீ ஆறிப் போவுது.”

வீட்டம்மா கொண்டுவந்து வைத்த டீயை மாஸ்டர் தொடவில்லை. முணுமுணுத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது போலும். “மூணு கிழங்கு எடுத்தேன். தப்பு” என்றார். அவ்வளவுதான் வந்தது.

“தெரியும்.”

“அன்னிக்கே சண்ட போட்டிருக்கலாமே. அஞ்சு வருஷம்...”

பொன்னுசாமி மாஸ்டர் மீசையைத் தடவினார். “சண்ட எப்படிப் போடறது மாஸ்டர்? தப்பு எம்மேலயும் இருக்கே. நீங்க கேட்டப்ப நான் ஏன் முடியாதுன்னேன் தெரியுமா? அப்ப அதுல பூச்சி. வேரெல்லாம் வெள்ள. நோவு பிடிச்ச செடிய ஒருத்தருக்கு எப்படிக் குடுக்குறது? அதச் சொல்றதுக்கும் கூச்சம். அந்த வருஷம்தான் நற்சான்று வாங்கின பிளாட்பாரம். கல்யாணம் முடிஞ்சு வந்து, சுத்தம் பண்ணி, ஒரு மாசத்துல உங்களுக்குக் குடுத்து அனுப்பலாம்னு இருந்தேன். திரும்பி வந்தா நீங்களே எடுத்துட்டீங்க. அதுக்கப்புறம் என்னா சொல்றது? நீங்க எடுத்துட்டுப் போனது பூச்சின்னா?”

வெளியே ஒரு சாமான் வண்டி மெதுவாகக் கடந்து போனது.

சபாபதி மாஸ்டர் டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டீ கேட்டார். பிறகு இருவரும் பிளாட்பாரத்துக்குப் போய், செடி செடியாக நின்று நின்று, சாயங்காலம் வரை பேசினார்கள். அவர்கள் பின்னால் நான் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே கித்தா மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஸ்டேஷன் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

“ஒரு மாசம் பொறுத்திருந்தா நல்ல கிழங்கே கெடச்சிருக்கும்லா, மாணிக்கம்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதிரே கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பாட்டிக்கு என்னவென்று தெரியாது. ஆனாலும் அவரும் சிரித்தார்.